ஐம்பத்தெட்டாம் வயதில் ஒரு வருஷம்

மே மாதத் தில்லி வெயில், மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் கவுண்டரின் கம்பிமேல் நேராக விழுந்தது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அப்பாக்கள். பிள்ளைகள் வேப்பமரத்து நிழலில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது இடங்கள்தான். அதற்கு நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் எழுதப் போகிறார்கள். அந்த மருத்துவக் கல்லூரியில் ஒருவருக்கு இடம் கிடைத்துவிட்டால், அக்கம்பக்கத்தில் அதன் பிறகு அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள்.

வத்ஸலா நிழலுக்குப் போகவில்லை. தன் விண்ணப்பத்தைத் தானே நீட்ட வேண்டும் என்று வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் அப்பா ஜம்புநாதன், கைக்குட்டையை நாலாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

கவுண்டரில் இருந்தவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் விரல் நின்றது. விரல் விட்டு எண்ணினார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பித் தள்ளினார்.

“பச்சி சோட்டீ ஹை, சாப். அக்லே சால் ஆயியே.”

இந்த டிசம்பருக்குள் பதினேழு முடிந்திருக்க வேண்டும். சான்றிதழ்ப்படி பெண்ணுக்குப் பதினாறுதான் முடிகிறது, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அவரே விளக்கமும் சொன்னார். குரலில் கோபமில்லை. அன்று காலையிலிருந்து அவர் அப்படித் திருப்பி அனுப்பிய நாலாவதோ ஐந்தாவதோ ஆளாக இருக்கலாம்.

“அது ஸ்கூலில் கொடுத்த தேதி. உண்மையில் அவளுக்குப் போன பிப்ரவரியிலேயே பதினேழு முடிந்துவிட்டது” என்றார் ஜம்புநாதன், ஆபீஸ் இந்தியில்.

“ஸ்கூலில் அந்தத் தேதியை யார் கொடுத்தது?”

ஜம்புநாதன் கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார். பின்னால் நின்ற சர்தார்ஜி, “ஜல்தி கரோ பாய்” என்று அவசரப்படுத்தினார். வத்ஸலா காகிதங்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டாள்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. ஜம்புநாதன் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில், ஊழியர்களின் சர்வீஸ் விவரங்களைப் பார்க்கும் பிரிவில் அசிஸ்டென்ட். எனக்கு உண்மையில் வயது இது இல்லை, ஸ்கூலில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது அவருக்கு எழுதுவார்கள். ‘பள்ளியில் பதிவான தேதியே முடிவானது’ என்று அவர் பதில் எழுதுவார். அந்த ஒரு வரிக்காகவே அவருடைய பிரிவில் அவருக்கு மரியாதை. அப்படிப்பட்டவர் வத்ஸலாவின் விண்ணப்பத்தில் வயது விதியை எப்படிக் கோட்டைவிட்டார் என்றால், அவர் மனதில் அவளுக்குப் பதினேழுதான். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர் அவர். சான்றிதழ்த் தேதி எப்போதோ டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தத் தேதியை அவர் கொடுத்ததற்கும் காரணம் இருந்தது. ஆர்.கே.புரத்திலும் கோல் மார்க்கெட்டிலும் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பலர், குழந்தை ‘அ’ எழுதுவதற்கு முன்பே அதன் ரிடையர்மென்ட்டை யோசித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் குறைத்துச் சொன்னால், ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வருஷம் கூடுதல் சம்பளம், ஒரு வருஷம் கூடுதல் வீடு, அதிர்ஷ்டமிருந்தால் கடைசியில் ஒரு பிரமோஷன். பெரும்பாலும் தேதியையும் மாதத்தையும் மாற்ற மாட்டார்கள். வருஷத்தை மட்டும் ஒன்று தள்ளிப் போடுவார்கள். இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. குழந்தைக்குக் காது குத்துவதுபோல அதுவும் ஒன்று. ஜம்புநாதனின் அப்பா அவருக்குச் செய்தார். ஜம்புநாதன் தன் ஒரே பெண்ணுக்குச் செய்தார்.

பஸ் பிடித்து ஆர்.கே.புரம் வீட்டுக்கு வந்ததும் வத்ஸலா உறையை அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினால் குளிர்காற்று வீசும் கூலருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அம்மா ராஜலக்ஷ்மி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“எனக்கு அம்பத்தெட்டு வயசுல ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா வேணும்னு நான் கேட்டேனாப்பா?” என்றாள் வத்ஸலா, கூலரைப் பார்த்தபடியே.

“அப்போ உனக்கு அஞ்சு வயசு. உன்னை என்னத்தைக் கேக்கறது?”

“நான் கிளார்க்காத்தான் ஆவேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டே.”

“கிளார்க்கான்னு நெனக்கலே” என்றார் ஜம்புநாதன் உண்மையான வருத்தத்தோடு. “நீ அண்டர் செக்ரட்டரியா ரிடையர் ஆவேன்னுதான் நெனச்சேன்.”

ராஜலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வத்ஸலா சிரிக்கவில்லை.

“கோர்ட்டுல அஃபிடவிட் கொடுத்து மாத்தலாமோன்னோ?”

“மாத்தலாம். ஆனா அதெல்லாம் ஆகறதுக்குள்ள பரீட்சை முடிஞ்சு காலேஜும் தொறந்துடும். அடுத்த வருஷம் மாத்தாமலே வயசு சரியாயிடும்.”

“அப்போ இந்த வருஷம்?”

இந்த வருஷம் பி.எஸ்ஸி.யில் சேரு, வீட்டிலிருந்து படி, அடுத்த ஜூனில் எழுது என்றார். யோசித்துப் பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. வத்ஸலாவும் இரண்டு நாளில் அந்த முடிவுக்கு வந்துவிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், ருக்மிணி அத்தை வராமல் இருந்திருந்தால்.

ஜம்புநாதனின் அக்கா ருக்மிணி கோல் மார்க்கெட்டில் இருந்தாள். தில்லியில் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு எங்கே வேலை, யாருக்கு எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வந்தவள், தரிசனத்தை முடித்துக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

“சிவனேன்னு ஒரு வருஷம் என்ன பண்ணப் போறா? பி.எஸ்ஸி.யாம், பி.எஸ்ஸி. மகாதேவனோட பிள்ளை வைத்தி ஆடிட்டுல சேர்ந்து ஆறு மாசம் ஆறது. தங்கமான பையன். பத்துல எட்டுப் பொருத்தம் இருக்குடா ஜம்பு.”

“பொருத்தமா? அதுக்குள்ளயா?”

“அவ பொறந்தப்போ கணிச்ச ஜாதகம் எங்கிட்டயும் ஒண்ணு இருக்கே. சும்மாதானே இருக்குன்னு கொடுத்தேன்.”

“டாக்டருக்குப் படிக்கணும்கறா, அக்கா.”

“படிக்கட்டுமே. கல்யாணத்துக்கப்புறம் படிக்கக் கூடாதுன்னு அவா சொல்லலியே.”

“படிக்கலாம்னு சொன்னாளா, அத்தை?” என்று சமையலறையிலிருந்து வத்ஸலாவின் குரல் வந்தது.

“அதை எதுக்குடி இப்பவே போய்க் கேக்கணும்? நல்ல காரியம் பேசறச்சே!”

ஜம்புநாதன் மறுக்கவில்லை. அவர் கணக்கு வேறு மாதிரி போயிற்று. ஐம்பது இடம். கிடைக்காமலே போகலாம்; கிடைக்காமல் போவதற்குத்தான் சாத்தியம் அதிகம். வைத்தி நல்ல பையன், வேலை நிரந்தரம், வரதட்சணைப் பேச்சு எடுக்காத குடும்பம். வருகிற இடத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் நாளை யார் வருவார்கள்? பார்ப்பதில் என்ன தப்பு என்றார். அடுத்த ஞாயிறு வரச் சொல்லலாம் என்று முடிவாயிற்று.

அத்தை போன பிறகு வத்ஸலா அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

“கல்யாணம் ஆயிட்டா இந்த வருஷமும் போச்சு, அடுத்த வருஷமும் போச்சு. உனக்குத் தெரியும்.”

“பாக்கத்தானே வரா. பாத்துட்டுப் போகட்டும்.”

“ஒரு வருஷத்தை நீ எடுத்துண்டே, நான் ஒண்ணும் சொல்லலே. பாக்கியையாவது எனக்கு விட்டு வையேன்ப்பா.”

இதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் ஜம்புநாதனும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது ராஜலக்ஷ்மி கண்ணாடிக்குப் பக்கத்தில் காபி டம்ளரை வைத்தாள்.

“ஏன்னா, வேண்டாம்னா மகாதேவன் மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. வேணும்னா அவகிட்டயும் நீங்களே சொல்லுங்கோ. நடுவுல என்னை இழுக்காதீங்கோ.”

“நீ என்ன நெனக்கறே?”

“நான் சொன்னா கேட்டுடப் போறேளா? எனக்கு டீச்சர் ட்ரெயினிங் சீட்டு வந்தப்போ நம்ம கல்யாணம் நிச்சயமாயிடுத்து. அப்போ எங்கப்பா என்னைக் கேக்கலே.” பிளேடின் அடியில் அவர் கன்னம் அசையாமல் நின்றது. “உங்களைக் குத்தம் சொல்லலே. கல்யாணம் பண்ணிண்டதுல எனக்கு நஷ்டமில்லே. ஆனா அந்தக் கடுதாசு வந்த கெழமை இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.”

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இதை அவள் சொன்னதில்லை. அவர் கன்னத்தின் மறுபாதியைச் சவரம் செய்து முடித்து, காபியைக் குடித்துவிட்டு, ஆபீஸுக்குப் போனார். வழியில் பஸ் பழுதாகி நின்றது. அன்று மேஜையில் பச்சைமுத்து என்ற கடைநிலை ஊழியரின் மனு இருந்தது. ஸ்கூலில் எனக்கு மூன்று வயது கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். ஜம்புநாதன் வழக்கம்போல, ‘பள்ளியில் பதிவான தேதியே முடிவானது’ என்று எழுதினார். எழுதிய பிறகு, எப்போதும் செய்யாதபடி, அந்த வரியை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் போர்ஷனிலிருந்து மூன்று நாற்காலிகள் வந்தன. கூலருக்குப் புதிதாக வைக்கோல் தட்டி மாற்றியிருந்தார்கள். மகாதேவன், மனைவி காமாக்ஷி, பிள்ளை வைத்தி மூவரும் ஸ்கூட்டரும் ஆட்டோவுமாக வந்து சேர்ந்தார்கள். ருக்மிணி அத்தை அவர்களுக்கு முன்பே வந்து பஜ்ஜி மாவில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தி அதிகம் பேசாத, வளர்த்தியான பையன். மகாதேவன் அந்தக் காலத்து மனிதரில்லை என்று காட்டிக்கொள்ள விரும்பியதால், “ரெண்டு பேரும் பால்கனியில நின்னு பேசட்டுமே” என்றார். பால்கனி ஹாலைப் பார்த்தாற்போல்தான் இருந்தது. உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

“டாக்டருக்குப் படிக்கணுமாமே. எத்தனை வருஷம்?” என்றான் வைத்தி.

“அஞ்சரை. கிடைச்சா.”

“கிடைக்கலேன்னா?”

“திரும்ப எழுதுவேன்.”

வைத்தி உள்ளே தன் அம்மாவைப் பார்த்தான். “எங்கம்மாவுக்கு அடுத்த சம்மருக்குள்ள மருமகள் வேணும். கூலருக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்லையாம்.”

“உங்களுக்குக் கை இல்லையா?”

“இருக்கு. நான்தான் ஊத்தறேன். அதனாலதான் எனக்குக் கல்யாணம் பண்ணணும்கறா.”

வத்ஸலா சிரித்துவிட்டாள். உள்ளே இருந்தவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. காமாக்ஷி ருக்மிணியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜம்புநாதனும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பெண் தன்னோடு சிரித்து இரண்டு வாரம் ஆகிறது என்பது அவர் நினைவுக்கு வந்தது.

பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் முடிந்ததும் மகாதேவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“எங்களுக்குப் பிடிச்சிருக்கு. போன வருஷம் சட்டம் வந்துடுத்து, பொண்ணுக்குப் பதினெட்டு முடியணும். எப்போ முடியறது?”

“வர மாசியில” என்றாள் ருக்மிணி உடனே. “சித்திரையில முகூர்த்தம் வெச்சுண்டா பேஷா இருக்கும்.”

“சர்ட்டிபிகேட்படி முடியலையே” என்றார் ஜம்புநாதன்.

அவர் அன்று மாலை பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். எல்லோரும் திரும்பினார்கள். பிறகு மகாதேவன் பெரிதாகச் சிரித்தார்.

“ஓ, இங்கயும் உண்டா? எனக்கே ஒண்ணரை வருஷம் கம்மி, சார். இவனுக்குப் பத்து மாசம்.”

“இவர் தங்கைக்கு மட்டும் சரியான தேதியைக் கொடுத்துட்டா” என்றாள் காமாக்ஷி. “ரெக்கார்டுப்படி அண்ணனுக்கும் தங்கைக்கும் நாலே மாசம் வித்தியாசம். எங்க மாமியார் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்!”

அறையே சிரித்தது. ருக்மிணி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறை நிலைப்படியில் ராஜலக்ஷ்மியும் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்கு ஜம்புநாதன் காத்திருந்தார்.

“எல்லாருக்கும் உண்டு, சார். ஆனா யாராவது கேட்டா எதைக் காட்டறோம்?”

“யார் கேக்கப் போறா?”

“வைத்தி இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கான். பதினெட்டு முடியாத பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டான்னு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனா போறும். அப்போ நீங்க எதைக் காட்டுவேள், ஜாதகத்தையா?”

“நமக்கு எதிரா யார் சார் பெட்டிஷன் போடுவா?”

“என் ஸெக்ஷனுக்கு வாரத்துக்கு ரெண்டு வரது. கையெழுத்து இருக்காது. ஆனா இங்கிலீஷைப் பாத்தாலே தெரியும், நம்மளவாதான்.”

மகாதேவன் சிரிப்பதை நிறுத்தினார். அவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர். மொட்டைப் பெட்டிஷன் என்ற சொல்லுக்கு அவர் மனதில் ஒரு தனி இடம் இருந்தது. போன வருஷம் அவர் பக்கத்து அறைக்காரருக்கு ஒன்று வந்து, பிரமோஷன் எட்டு மாதம் தள்ளிப்போயிற்று.

“அப்போ சர்ட்டிபிகேட்படி எப்போ முடியறது?”

“எண்பத்தொண்ணு பிப்ரவரி.”

“ரெண்டு வருஷமா!” என்றாள் காமாக்ஷி.

“பள்ளியில பதிவான தேதிதான் முடிவானது, மாமி” என்றார் ஜம்புநாதன். “நான் எல்லாருக்கும் எழுதறது அதுதான். எனக்கு மட்டும் மாத்தி எழுத முடியுமா?”

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு பஜ்ஜி சாப்பிட்டார்கள். நல்ல இடம், காலம் கூடவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். வைத்தி செருப்பைப் போடும்போது வத்ஸலாவிடம், “பரீட்சை நன்னா எழுதுங்கோ” என்றான். குரலில் வருத்தம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆவணியிலேயே அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாயிற்று. ருக்மிணிதான் பார்த்துக் கொடுத்தாள்.

அன்று ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் மறைவதற்குள் ருக்மிணி தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கவுண்டர்ல பதினேழுன்னு சண்டை போட்டியாமே? இங்க பதினாறுங்கறே. எதுடா நெஜம்?”

“நெஜம் பதினேழுதான், அக்கா. அதை எடுத்துண்டு போனேன், அங்க செல்லலே.”

“அதனால?”

“அதனால செல்லறதை எடுத்து இங்க செலவு பண்ணினேன்.”

“உனக்குப் பைத்தியம்டா. ஐம்பது சீட்டு. கிடைக்கலேன்னா எங்கிட்ட வராதே” என்றாள் ருக்மிணி. மீதிப் பஜ்ஜியைப் பாத்திரத்தில் போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வத்ஸலா தட்டுகளை அடுக்கினாள். ஜம்புநாதனின் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அதில் மறுபடி காபி ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். சாதாரணமாக அவருக்கு இரண்டாவது காபி கிடையாது.

அந்த வருஷம் மெதுவாகப் போயிற்று. வத்ஸலா பகலில் பி.எஸ்ஸி. வகுப்புக்குப் போனாள், மற்ற நேரமெல்லாம் பால்கனியில் படித்தாள். குளிர்காலத்தில் வெயில் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. மாசியில் உண்மையான பதினெட்டாவது பிறந்த நாளுக்கு ராஜலக்ஷ்மி பாயசம் வைத்தாள். “ரெக்கார்டுப்படி பதினேழுதான்” என்றார் ஜம்புநாதன். “அப்போ முக்கால் டம்ளர் போறும் உங்களுக்கு” என்றாள் ராஜலக்ஷ்மி. சம்மர் வந்ததும் கூலருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை, யாரும் சொல்லாமலே, ஜம்புநாதன் எடுத்துக்கொண்டார். ஆபீஸ் போகுமுன் இரண்டு வாளி, வந்த பிறகு இரண்டு வாளி. பால்கனிக் கதவருகில் அவள் படிக்கும் இடத்துக்குக் காற்று வரும்படி அதைத் திருப்பியும் வைத்தார்.

ஜூனில் பரீட்சை எழுதினாள். ஜூலையில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் கடைசிக்குச் சற்று மேலே இருந்தது. ஆனால் கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஜம்புநாதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒருமுறை, துடைக்காமல் ஒருமுறை படித்தார்.

அட்மிஷன் அன்று அதே கவுண்டரில் அதே மனிதர் இருந்தார். அவருக்கு இவர்களை ஞாபகமில்லை. சான்றிதழை எடுத்தார், விரல் விட்டு எண்ணினார். ஜம்புநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், கணக்கு அவருக்கே தெரிந்திருந்தும்.

“டீக் ஹை” என்று சொல்லி, கவுண்டர்காரர் முத்திரையைக் குத்தினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. வத்ஸலா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஸஃப்தர்ஜங் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, எனக்கு எப்போ ரிடையர்மென்ட்?”

“ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, பிப்ரவரி கடைசித் தேதி” என்றார் ஜம்புநாதன். யோசிக்கவே இல்லை.

“டாக்டருக்கு ஏதுப்பா ரிடையர்மென்ட்?” என்று அவள் சிரித்தாள்.

ஜம்புநாதன் கொஞ்ச நேரம் அதை யோசித்தார். டிக்கெட் கேட்டு வந்த செக்கரிடம் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா உண்டு” என்றார்.